உயில் எக்ஸிகியூட்டரிடம் எதைக் கேட்கலாம், எப்போது கேட்கலாம்?

உயிலில் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக, பெயர் வந்துவிட்டாலே சொத்து அவருடையதாகிவிடாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 211-வது பிரிவுப்படி, இறந்தவரின் சட்டப் பிரதிநிதியாகத்தான் சொத்து அவர் கைக்கு வருகிறது. பங்கைக் கூட்டிக் குறைக்க அவருக்கு உரிமையில்லை.

முதலில் உயிலின் நகலை வாங்கிப் படியுங்கள். வீடு, நிலத்தை விற்கக் கட்டுப்பாடு எழுதியிருந்தால், புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) பெற்று, கோர்ட்டும் அனுமதித்தால்தான் அதை மீறி விற்க முடியும் (பிரிவு 307). எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற) சொத்தை எக்ஸிகியூட்டரே வாங்கினாலும், பினாமி வைத்து வாங்கினாலும், அதில் உரிமையுள்ள மற்றவர்கள் கிரயத்தை ரத்து செய்யக் கோரலாம் (310). பத்திரத்தில் உள்ள பெயரோடு நிற்காமல், பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்றும் பாருங்கள்.

சண்டை பெரும்பாலும் கெடுவைத் தப்பாக எண்ணுவதில்தான் தொடங்குகிறது. பங்கைக் கொடுக்க, உயில் எழுதியவர் இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை எக்ஸிகியூட்டருக்கு அவகாசம் உண்டு (337). மூன்றாம் மாதமே வக்கீல் நோட்டீஸ் விட்டால் செலவுதான் மிச்சம். சொத்துப் பட்டியலுக்கு ஆறு மாதம், வரவு செலவுக் கணக்குக்கு ஓராண்டு என்பது வேறு கெடு. அது புரொபேட் கிடைத்த நாளிலிருந்து ஓடும் (317). கோர்ட் அதை நீட்டிக்கவும் செய்யலாம்.

கணக்கு வந்ததும் வரிசையைச் சரிபாருங்கள்: இறுதிச் சடங்கு, கடைசி நேர மருத்துவச் செலவு, புரொபேட் செலவு, கடன்கள், அதன் பிறகே பங்குகள். உதாரணமாக, 10 லட்சம் ரொக்கத்தில் சடங்கு முதல் கடன்கள் வரை 4 லட்சம் போய்விட்டது. உயிலில் ஒருவருக்கு 5 லட்சம், இன்னொருவருக்கு 3 லட்சம் என்றால், மிச்சம் 6 லட்சத்தில் முன்னவருக்கு 3.75, பின்னவருக்கு 2.25 லட்சம். உயில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வேண்டியவருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவருக்குக் கைவிரிக்க முடியாது.

குறிப்பிட்ட வீட்டை உங்களுக்கு எழுதியிருந்தாலும், எக்ஸிகியூட்டரின் ஒப்புதல் வந்த பிறகே உரிமை முழுமையாகும் (332). வாய்மொழி ஒப்புதல் செல்லும், ஆனால் கையெழுத்தாக வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒப்புதல் தாமதமானாலும், இறந்த நாள் முதல் வரும் நிகர வாடகை உங்களுக்குரியது (349). பலரும் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கெடு தாண்டியும் பதிலில்லையா? பதிவுத் தபாலில் கணக்குக் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கணக்குக் கேட்டு சிவில் வழக்கு போடலாம். ஐகோர்ட்டில் அவரை நீக்கக் கோரி மனுச் செய்யலாம் (301). அவரால் எஸ்டேட்டுக்கு நஷ்டம் வந்திருந்தால், அதை அவர் தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும்.