இடித்த வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள்

தண்டையார்பேட்டையில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் என்னிடம் இடித்த வண்டி வந்து சேருவதற்குள், ஓட்டியவர் ஏதாவது ஒரு காரியம் செய்துவைத்திருப்பார். பல நேரம் இடித்ததில் போனதைவிட அதில் போனதுதான் அதிகமாக இருக்கும். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் ஆளுக்கு ஆள் அதையேதான் திரும்பச் செய்கிறார்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஹசார்ட் லைட் போடுங்கள், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"வண்டி ஓடுதுண்ணா"

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி. எண்ணூர் விரைவு சாலையில் முன்னால் போன கண்டெய்னர் டிரெய்லர் சட்டென்று பிரேக் போட, பின்னால் போய் முட்டிவிட்டார். வேகம் அதிகமில்லை. பம்பர் உடைந்து, பானெட் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஏர்பேக் கூட விரியவில்லை. சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் ஆனது. ரெக்கவரி வண்டிக்கு எதற்குத் தண்டமாகக் காசு என்று, பானெட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு லாரி வரிசையில் நின்று நின்று என் ஷெட்டுக்கே ஓட்டி வந்தார். தெருமுனை வரை வந்தது. அங்கே அணைந்ததுதான், அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை.

கேட்டால், "டெம்பரேச்சர் முள் நார்மலாத்தான்ணா இருந்துச்சு" என்றார். பொய் சொல்லவில்லை. சென்சார் கூலண்டில் முழுகியிருந்தால்தான் முள் சரியான சூட்டைக் காட்டும். ரேடியேட்டர் கிழிந்து கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் முள் அசையாமல் இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் (சேதத்தைக் கணக்கெடுப்பவர்) வந்ததும் அவர் முன்னால் பிரித்துப் பார்த்தால் எஞ்சினின் அலுமினிய ஹெட் வளைந்திருந்தது, கேஸ்கெட் போயிருந்தது, பிஸ்டன் அசையாமல் சிக்கிக்கொண்டிருந்தது.

சர்வேயர் எழுத உட்கார்ந்தார். பம்பர், பானெட், ரேடியேட்டர், கண்டென்சர் என்று வரிசையாக எழுதினார். எஞ்சினைக் காட்டியதும் பேனாவை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகு பழுது பார்க்காமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் வண்டிக்காரர் பொறுப்பு என்று பேக்கேஜ் பாலிசி (நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் இன்சூரன்ஸ்) நிபந்தனையிலேயே இருக்கிறது. வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகும் செலவுக்கு வழக்கமாக 1,500 ரூபாய் வரை அதே பாலிசி தருகிறது. கம்பெனி கொடுக்க இருந்த காசை மிச்சம் பிடிக்கப் போய், எஞ்சின் செலவு முழுவதையும் அந்தத் தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டார்.

முன்பக்கம் அடி என்றால் முதலில் எஞ்சினை அணையுங்கள். குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். பச்சையாகவோ ரோஸாகவோ ஒழுகினால் கூலண்ட். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் சேம்பர் உடைந்திருக்கிறது. மீடியன் கட்டையில் ஏறி இறங்கிய வண்டிகளில் இது சகஜம். ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே பேரிங் காலி. ஏ.சி. ஓடிய வண்டியில் வெறும் தண்ணீர் சொட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஓரம் கட்ட வேண்டுமானால் நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். மழையில் வியாசர்பாடி பக்கத்துச் சுரங்கப்பாதைத் தண்ணீரில் அணைந்த வண்டிக்கும் இதேதான். மறுபடி ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ரோட்டிலேயே காசு கொடுத்து முடிப்பது

பைக் ஓட்டி வந்தவர் கீழே விழுந்திருப்பார். "ஒண்ணும் இல்ல, ரெண்டாயிரம் குடு" என்பார், கார் ஓட்டியவர்களும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மறுநாள் அவருக்குக் கால் வீங்கும், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கே ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போடுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். உங்கள் பக்கம் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்வதோ பணம் தருவதோ கூடாது என்பதும் பாலிசி நிபந்தனைதான். ஆளுக்கு அடிபட்டு, அந்த இடத்தில் போலீஸ் இல்லையென்றால், மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவுப்படி பக்கத்துக் காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

யாருக்கும் அடியில்லை, உங்கள் பம்பரில் கீறல் மட்டும் என்றால் கணக்கு வேறு. அதற்குப் போய்க் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருப்பவர் கைக்காசில் பெயின்ட் அடித்துக்கொள்வதே லாபம்.

பயந்து கிளம்பிவிடுவது

கூட்டம் கூடி அடித்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். சட்டமே அதை ஒத்துக்கொள்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனாலொழிய, அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவது ஓட்டியவர் கடமை என்கிறது அதே 134. நிற்க முடியாத நிலை என்றால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள், வீட்டுக்கு அல்ல. ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

ஓட்டியவரை மாற்றிச் சொல்வது

லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியிருப்பான், "அப்பா ஓட்டினதா எழுதிக்கலாம்ணா" என்பார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இப்போது கடைக்குக் கடை கேமரா. மாட்டினால் கிளெய்ம் போய்விடும். ஆளுக்கு அடிபட்ட வழக்கென்றால் பொய்த் தகவல் கொடுத்ததற்கு அப்பாவும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

சர்வேயர் வருமுன் வண்டியைப் பிரிப்பது

பிரிக்கவிடாதீர்கள். எந்த மெக்கானிக் அவசரப்படுத்தினாலும்.

போலீஸ் வழக்கான வண்டியை உடனே ஷெட்டுக்கு இழுத்து வருவது

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து முடிக்கும் வரை ஒரு போல்ட்டைக்கூட நான் தொட மாட்டேன். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.