பையா, டில்லா? தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'பை ஃப்ரைடே' என்பதா, 'டில் ஃப்ரைடே' என்பதா என்று குழம்பினால், அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'வெள்ளிக்குள்' என்று வாயில் வந்தால் 'பை'. 'வெள்ளி வரை' என்று வந்தால் 'டில்' அல்லது 'அன்டில்'.

ஒரு வேலை எந்த நாளுக்குள் முடியவேண்டும் என்று கெடு சொல்வது 'பை'. ஒன்று எந்த நாள் வரை தொடர்கிறது என்று சொல்வது 'டில்'. நம் 'உள்'ளும் 'வரை'யும் இதே வித்தியாசத்தைத்தான் காட்டுகின்றன. 'ஐ வில் செண்ட் தி ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்று மெயிலில் எழுதினால், வெள்ளி வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

லீவு கேட்கும்போது 'டில் ஃப்ரைடே' சரிதான். ஆனால் வெள்ளியும் லீவா என்ற சந்தேகம் மிஞ்சும், தமிழிலும் அப்படித்தானே! கூடவே 'ஐ வில் பி பேக் ஆன் மண்டே' என்று சேர்த்துவிடுங்கள்.

நாள் கணக்காகச் சொன்னால் இந்த வழி உதவாது. 'இரண்டு நாளுக்குள்' என்பதற்கு 'வித்தின் டூ டேஸ்'தான், 'பை டூ டேஸ்' தவறு. இடத்துக்கும் ஒத்துவராது: 'மதுரை வரை' போனேன் என்றால் 'ஆஸ் ஃபார் ஆஸ் மதுரை'. அப்புறம், 'நாட் அன்டில் ஃப்ரைடே' என்று எதிர்மறையில் வந்தால் 'வெள்ளிக்கிழமைதான், அதற்கு முன்னால் இல்லை' என்று பொருள்.