குடியை விட்டவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மதுக்கடைப் பக்கம் போகாதே, வீட்டில் பாட்டில் வைக்காதே, பழைய கூட்டாளிகளோடு சேராதே. மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வரும் எவருக்கும் இவை மனப்பாடம். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் குடித்தவன் நான். இன்று புதிதாக நிறுத்தியவர்களுடன் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. அன்று நான் விழுந்த இடங்களிலேயே இவர்களும் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்துவது

ஆண்டுக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் நடுக்கம் முற்றி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, பிதற்றல் தொடங்கலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சோதித்துப் பார்ப்பது

குடிப்பவர்கள் நடுவே உட்கார்ந்து சோடா மட்டும் குடித்துவிட்டு எழுந்து வருவதில் எந்தப் பெருமையும் இல்லை. வேண்டாம்.

ஒரு குவளையை மறைப்பது

என்னை இன்றும் கொதிக்கவைப்பது இந்தத் தவறுதான். பல மாதம் தொடாமல் இருந்தவர், ஒரு நாள் ஒரு குவளை குடித்துவிடுகிறார். அந்த ஒரு குவளையைச் சரிசெய்ய முடியும். அதன் பிறகு அவர் செய்யும் இரண்டு காரியங்கள்தான் குடும்பத்தை மறுபடி தெருவுக்குக் கொண்டுவருகின்றன: யாரிடமும் சொல்லாமல் விடுவது, ‘இனி எல்லாம் போயிற்று’ என்று முடிவு கட்டுவது.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் சுவர் நாள்காட்டியில் பேனாவால் ஒரு குறி போடுவார். வேலையிடத்தில் ஒரு சண்டை. வழியில் ஒரு குவளை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை பல் துலக்கிவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் காலை, முந்தைய நாளின் கட்டத்திலும் குறி போட்டுவிட்டார். அன்று மாலையே முழு பாட்டில். சில வாரம் கழித்து அவருடைய மனைவி என்னை அழைத்தபோது போய்ப் பார்த்தேன். நாள்காட்டியில் குறிகள் தொடர்ந்து இருந்தன. ஆனால், அந்த நாளுக்குப் பிந்தையவை எல்லாம் ஒரே மையில், ஒரே மூச்சில் போட்டவை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். “அதுதான் உடைந்துவிட்டதே அண்ணா, சொல்லி என்ன ஆகப்போகிறது” என்றார்.

சொல்லியிருந்தால் நிறைய ஆகியிருக்கும். ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் என்ற உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1985இல் ஒரு நூலாகவே எழுதினார்கள். ஒரு முறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்புவது வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதில், குடித்தவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘அன்று கோபத்தில் இருந்தேன், தனியாக இருந்தேன்’ என்பவர் அந்தச் சூழ்நிலையை மாற்றப் பார்ப்பார். ‘என் புத்தியே இப்படித்தான்’ என்பவருக்கு மாற்ற எதுவும் மிஞ்சுவதில்லை; குற்ற உணர்ச்சிதான் மிஞ்சுகிறது. அதை மறக்க அவருக்குத் தெரிந்த மருந்தும் ஒன்றே ஒன்றுதான்.

குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், மற்றவரான பில் வில்சனைச் சந்தித்துக் குடியை விட்ட சில வாரங்களிலேயே, மருத்துவர்கள் மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். திரும்பி வந்தவரைப் பில் கைவிடவில்லை. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் அந்த அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஆகவே, ஒரு குவளை உள்ளே போய்விட்டால் அந்த மணி நேரத்திலேயே இடத்தை விட்டுக் கிளம்புங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உங்கள் வழிகாட்டியையோ ஆலோசகரையோ அழைத்து, “குடித்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போதை தெளிந்த பிறகு, முந்தைய மூன்று நாட்களை ஒரு தாளில் எழுதுங்கள்: எப்படித் தூங்கினீர்கள், யாரோடு மனக்கசப்பு, கையில் பணம் எப்படி வந்தது. சறுக்கல் தொடங்கிய இடம் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்ன அன்று “பார்த்தாயா, நீ திருந்தவே மாட்டாய்” என்று பாய்ந்தால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். உங்கள் கோபம் நியாயமானதுதான். அதை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

‘சறுக்குவதெல்லாம் சகஜம்’ என்று முன்கூட்டியே தட்டிக்கொடுப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஹெராயின் போன்றவற்றை விட்டவர்களிடம் அப்படிப் பேசுவது கொலைக்குச் சமம். சில வாரம் நிறுத்தியிருந்தாலே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவைப் போட்டால் அந்த முதல் முறையிலேயே மூச்சு நின்றுபோகலாம். அந்த வீடுகளில், ஹெராயின் போன்றவற்றின் அளவு மீறியபோது மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஆசை வந்ததும் பயந்துவிடுவது

நிறுத்திய பிறகும் ஆசை வரும். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதோடு வாதாடாமல், நெஞ்சிலா வயிற்றிலா எங்கே தெரிகிறது என்று கவனித்துக்கொண்டு நடந்துகொண்டிருங்கள்.

பசி, கோபம், தனிமை, களைப்பு

இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். முதலில் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டில் மாத்திரை கலப்பது

குடிக்காமல் தடுக்க மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். அது தெரிந்திருப்பதால்தான் அவர் குடிக்காமல் இருக்கிறார். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் அந்த எச்சரிக்கை அவரிடம் இல்லை. குடித்துவிட்டு உயிருக்குப் போராடுவார். மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்ற தைரியத்தில் குடிப்பதும் ஆபத்துதான். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் உடலில் இருக்கலாம்.

“இப்போது நன்றாக இருக்கிறேன்” என்று கூட்டத்துக்கு வராமல் போவது

குவளை கையில் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. முதலில் கூட்டம் தவறும், பிறகு தூக்கம், பிறகு சின்னச் சின்னப் பொய்கள். தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராதவரை நான் அழைத்துவிடுவேன். வேலை அதிகம் என்பார்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு முடிகிறது, முடிந்ததும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் தாமதமானால், அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடுவேன்.