குழாய்க்கிணற்றுத் தண்ணீரை ஓர் இரவு வைத்துப் பாருங்கள்

இடமாற்றத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வாடகை வீடு பார்க்கிறவர்கள், முற்பணம் கொடுக்க முன் மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு, குழாய்க்கிணற்றுத் தண்ணீரை நிறமில்லாத 1 லீற்றர் போத்தலில் அரைவாசி பிடியுங்கள். நன்றாகக் குலுக்கி விடியும்வரை வையுங்கள். கரைந்துள்ள இரும்பு இறைத்தவுடன் தெரியாது. போத்தலிலுள்ள காற்றுப் பட்டபின்தான் துருவாகிச் செம்பழுப்பாய் அடியில் படியும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைக் கறையாக்குவது இதுதான்.

வாய் அகன்ற கட்டுக்கிணற்றுக்கு இது அவ்வளவு பொருந்தாது. அங்கே இரும்பு ஏற்கெனவே காற்றுப்பட்டுப் படிந்திருக்கும். கிருமியையும் உப்பையும் இது காட்டாது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட காணியென்றால், மாரியில் குடித்துப் பார்த்து நம்பிவிடாதீர்கள், மழைநீர் உவர்ப்பைக் குறைத்துக் காட்டும். ஓகஸ்ட் வெயிலில் தண்ணீர் எப்படி என்று அயல்வீட்டில் கேளுங்கள்.