பவளத் தொட்டிக்கு ஏற்ற பம்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், மீன் தனக்கு வேண்டிய இடத்துக்கு நீந்திப் போய்விடும்; பவளமோ ஒட்டிய இடத்திலேயே இருந்தாக வேண்டும். அதற்கு ஆக்சிஜனையும் உணவுத் துகள்களையும் கொண்டுவந்து சேர்ப்பதும், அது வெளிவிடும் சளியையும் கழிவையும் அகற்றுவதும் நீரோட்டத்தின் வேலை. பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி, அசையாத நீர் மெல்லிய படலமாக எப்போதும் நிற்கும். ஓட்டம் வலுக்கும்போது அந்தப் படலம் மெலிந்து, வாயுக்களும் சத்துகளும் திசுவுக்குள் போய்வருவது எளிதாகிறது. எந்த அளவு ஓட்டம் தேவை என்பது பவளத்துக்குப் பவளம் மாறுவதால், எவற்றை வளர்க்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்த பிறகே பம்பு வாங்க வேண்டும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு, தொட்டியின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு நீரைப் பம்புகள் ஒரு மணி நேரத்தில் நகர்த்துகின்றன என்பதாகும். காளான் பவளம், ஜோவாந்தஸ், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கும், யூஃபிலியா போன்ற பெரிய பாலிப் (பவளத்தின் பூப்போன்ற தனி உடல்) கொண்ட கல்பவளங்களுக்கு ஏறத்தாழ 20 மடங்கும், அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கொண்டவற்றுக்கு 40 மடங்கோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளலாம். 300 லிட்டர் தொட்டி என்றால், மென்பவளங்களுக்கு மணிக்கு 3,000 முதல் 6,000 லிட்டர். அக்ரோபோராவுக்கு 12,000 லிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். இந்த எண்களைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே நான் கொள்வேன். ஒரே 6,000 லிட்டர் ஓட்டம் ஒரு பம்பில் ஊசிபோல் பாயும், இன்னொன்றில் விசிறிபோல் விரியும்.

சம்ப்பிலிருந்து, அதாவது தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியிலிருந்து, நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை இந்தக் கணக்கில் பெரிதாக நம்ப வேண்டாம். வடிகட்டும் பணிக்கு மணிக்கு 3 முதல் 5 மடங்கு போதும். அதற்கு மேல் தள்ளினால் வடிகுழாயில் இரைச்சலும், தொட்டியில் நுண்குமிழிகளும்தான் மிஞ்சும். அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு, நீரைச் சிறிதும் உயர்த்தாத நிலையில் கிடைப்பது. உயரமும் குழாய் வளைவுகளும் கூடக்கூட அது குறைந்துகொண்டே போகும். 'அதிகபட்ச உயரம் 2 மீட்டர்' என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் நீர் வெளிவருவது முற்றிலும் நின்றுவிடும் என்று பொருள். எனவே உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் நம் தொட்டியின் உயரத்துக்கு நேரே என்ன அளவு இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

தொட்டிக்குள் ஓட்டத்தை உண்டாக்கும் பம்புகளில், குறுகிய வாய் கொண்ட பழைய பவர்ஹெட்டுகளைவிட விசிறி இறக்கை கொண்டவை மேலானவை. குறைந்த மின்சாரத்தில் அதிக நீரை அகலமாக நகர்த்துவதால், பவளத் திசு கிழியும் அபாயமும் குறைகிறது. நீண்ட தொட்டிகளுக்கு, நீரை அகலமான தகடுபோல் தள்ளும் ஜைர் (gyre) வகைப் பம்புகளும் நன்றாக வேலை செய்யும்: மேற்பரப்பை ஒட்டிப் போகும் நீர் எதிர்ச்சுவரில் மோதி, அடித்தளம் வழியாகத் திரும்பி வரும்.

பெரிய பம்பு ஒன்றை வாங்குவதைவிட நடுத்தரமானவை இரண்டை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே திசையில் இடைவிடாது அடிக்கும் ஓட்டம், பவளத்தின் ஒரு பக்கத்தை வாட்டிவிட்டு மறுபக்கத்தில் கழிவைத் தேக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்த இரண்டு பம்புகள் மாறி மாறி இயங்கினால், அலை வந்துபோகும் பாறைத்திட்டின் நிலைமைக்குச் சற்று நெருங்கி வரலாம். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். வேகத்தை மாற்றக்கூடிய டிசி (நேர்மின்னோட்ட) பம்புகளுக்குக் கூடுதலாகச் செலவிடுவது, இப்படி மாறி மாறி இயக்க முடிவதால்தான் தகும்.

பொருத்தும்போது, பம்பின் முகத்தைப் பவளத்தை நோக்கி வைக்காமல், கண்ணாடியிலோ எதிரோட்டத்திலோ மோதிச் சிதறும்படி திருப்ப வேண்டும். ஒன்றைச் சற்று மேல்நோக்கி வைத்தால் நீர்ப்பரப்பு சிற்றலையாக அசைந்து, ஆக்சிஜன் கரைவதற்கு உதவும். பாறைகளுக்குப் பின்னால் அழுக்கு படியும் இடங்களைச் சில நாட்கள் கவனித்து, அதற்கேற்பக் கோணத்தை மாற்றலாம். பாலிப்புகள் முன்னும் பின்னும் ஆடினால் ஓட்டம் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்தோ சுருங்கியோ நின்றால் அதிகம். மணல் பறந்தால் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது பம்பை உயர்த்திப் பார்க்கலாம்.

வாங்கும் முன் இன்னும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். பம்பைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் காந்தம் நம் கண்ணாடியின் தடிமனுக்குப் போதுமா என்பதும், உப்புநீரில் துருப்பிடிக்கும் உலோகம் எதுவும் வெளியே தெரிகிறதா என்பதும் முக்கியம். நீரில் மூழ்கிய பம்பின் வெப்பம் தொட்டியிலேயே சேர்வதால், வாட் அளவையும் பாருங்கள். கடல் அனிமோன் வளர்ப்பவர்கள் உறிஞ்சும் வாயைப் பாதுகாப்பு வலையால் மூடியே ஆக வேண்டும். அனிமோன் இடம்விட்டு நகர்ந்து போய்ப் பம்பில் சிக்குவது அடிக்கடி நடப்பது. மின்தடையின்போது மின்கலத்தில் இயங்கக்கூடிய பம்பு ஒன்றாவது இருந்தால், ஆக்சிஜன் குறைந்து உயிர்கள் மடிவதைத் தவிர்க்கலாம்.

கழற்றிச் சுத்தம் செய்ய எளிதான பம்பாகவும் அது இருக்கட்டும். இறக்கையிலும் தண்டிலும் சுண்ணாம்பு படியப்படிய ஓட்டம் மெல்லக் குறையும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை நீர்த்த வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் திரும்பப் பொருத்த வேண்டும்.