பின்வளவில் அடை வைக்கும்போது விடுகிற பிழைகள்

தெஹிவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தை வளவு என்று சொன்னால் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு முருங்கை, உடுப்புக் காயப்போடும் கொடி, மதிலோரமாக ஒரு கோழிக்கூடு, அவ்வளவுதான். அங்கே முதன்முதல் அடை வைத்தபோது பதினான்கு முட்டைக்கு மூன்றே மூன்று குஞ்சு வந்தது. இந்தக் கோழிக்கு அடைகாக்கத் தெரியாது என்று முடிவுகட்டி, கறிக்கு நாள் பார்த்தேன். அம்மம்மா தடுத்தார். அதே கோழி அடுத்த தடவை பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்தது. இடையில் திருந்தியது நான்.

பெரும்பாலான பிழைகள் கோழி முட்டையில் உட்காருவதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடுகின்றன. அதிலும் கொழும்பில் முதலில் கெடுப்பது சூடு. முட்டையைக் கோழிக்குக் கீழே வைத்த பிறகுதான் கரு வளரத் தொடங்கும் என்று நினைக்கிறோம். ஏறக்குறைய 21 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது மெல்ல அசையத் தொடங்கிவிடும். ஒழுங்காக வளர வேண்டுமென்றால் 37.5 பாகை வேண்டும். எங்கள் வீடுகளுக்குள்ளே எந்த நேரமும் 28, 30 பாகை. இந்த இரண்டுங்கெட்டான் சூட்டில் ஒரு கிழமைக்கு மேல் கிடக்கும் கரு பலவீனப்பட்டு, கோழி உட்கார்ந்து சில நாட்களில் செத்துப்போகும். நான் குசினி அலுமாரிக்கு மேலே, அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில், பன்னிரண்டு நாள் முட்டை சேர்த்திருந்தேன். நுவரெலியாவில் இருப்பவர் பத்து நாள் வைத்திருந்தாலும் சமாளிப்பார். கொழும்பில் ஐந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

அதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதும் பிழை. அது கருவுக்கு அளவுக்கு மிஞ்சிய குளிர். அம்மம்மா மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, மேலே தடித்த துணி விரித்து, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குவார். ஈரம் முட்டையில் படக்கூடாது. வீட்டிலேயே இருட்டான, குளிர்ச்சியான மூலையில் அந்தச் சட்டி இருக்கும். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்கவும் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் கழுவினால் போய்விடும், கிருமி உள்ளே போக வழி திறந்துவிடும். அழுக்கானதைப் பொரித்துச் சாப்பிடுங்கள்.

கடையில் வாங்கிய முட்டையை அடை வைத்துவிட்டு 21 நாள் காத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும். முட்டைப் பண்ணைகளில் சேவல் விடுவதில்லை, அதனால் அந்த முட்டையில் கரு கிடையாது. நிறம் சிவப்பாக இருந்தால் ஊர்க்கோழி முட்டை என்பதும் இல்லை.

அடுத்தது, அடை என்று நம்பி ஏமாறுவது. மத்தியானம் இரண்டு மணித்தியாலம் கூட்டில் கிடந்தால் அது அடை இல்லை. இருட்டிய பிறகும் மற்றக் கோழிகளோடு கொப்பில் ஏறாமல் கூட்டிலேயே தட்டையாகக் கிடக்க வேண்டும். கையைக் கீழே விட்டால் இறகெல்லாம் சிலிர்த்து, உறுமிக்கொண்டு கொத்த வேண்டும். பண்ணைக்கு என்று வளர்த்தெடுத்த லெகோன் கோழிகளிடம் இந்தக் குணம் அநேகமாக இல்லை. ஊர்க்கோழிதான் இதற்குச் சரி. அதையும் உடனே நம்பாமல் இரண்டு இரவு பொய் முட்டையில் கிடத்திப் பாருங்கள். மேசைப்பந்து போதும். மூன்றாம் நாள் இரவில் தூக்கிப் புது இடத்துக்கு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் விடிந்ததும் பழைய கூட்டைத் தேடி ஓடிவிடும்.

மாற்றாமல் அங்கேயே விட்டால் என்ன? மற்றக் கோழிகள் அதற்குள் வந்து முட்டையிடும். எனக்கு நடந்தது இதுதான். ஏழாம் நாளும் பத்தாம் நாளும் இட்ட முட்டைகள் பழையவற்றோடு கலந்துவிட்டன. முதல் மூன்று குஞ்சு பொரித்ததும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு எழும்பிவிட்டது. மிச்ச முட்டைகள் பாதி வளர்ந்த குஞ்சுகளோடு குளிர்ந்து போயின. அடை வைக்கும் நாளில் எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வளையம் போடுங்கள். வளையம் இல்லாத முட்டை பிறகு கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். ஒரு ஊர்க்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். பதினான்கு வைத்தால் ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிரும், கடைசியில் எல்லாமே பழுதாகும்.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைக்க வேண்டும், கூட்டுக்குள் இரும்பும் கரித்துண்டும் போடாவிட்டால் இடி முழக்கத்தில் முட்டை கூழாகிவிடும் என்பார்கள். இடி முட்டையை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு வருகிற மழை தண்ணீரைக் கூட்டுக்குள் கொண்டுவரும், அது செய்யும். கூட்டை நிலத்திலிருந்து இரண்டு செங்கல் உயர்த்திவிட்டேன். ஆணியையும் போடுகிறேன், அம்மம்மா வந்து பார்ப்பார்.

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை எழும்பித் தின்று, குடித்து, கழித்துவிட்டு, மண்குளித்து வர வேண்டும். பதினைந்து நிமிடம், அரை மணித்தியாலம் போனாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. சில கோழி எழும்பவே எழும்பாது, அதை நாங்கள்தான் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும்போது ஒரு விஷயம்: முதலில் இரண்டு செட்டைக்குள்ளும் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே முட்டை ஒன்று இடுக்கிக்கொண்டிருக்கும். பார்க்காமல் தூக்கினால் இடுப்பு உயரத்தில் இருந்து அது மற்ற முட்டைகளின் மேல் விழும். எனக்கு ஒரே நொடியில் மூன்று உடைந்தது.

பேன் வந்தால் இரவில் கோழி கூட்டைவிட்டு ஓடும். அதற்கு நப்தலீன் உருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். அந்த ஆவியைத் தாயும் மூச்சிழுக்கும், குஞ்சும் மூச்சிழுக்கும். அடை வைக்கும் முன்பே கூட்டைக் கழுவிக் காயவிட்டு, புது வைக்கோல் போட்டு, கோழி குளிக்கச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து வைத்தால் பெரிதும் அடங்கும்.

ஏழாம் நாள் இரவு கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. நரம்பே இல்லாமல் முட்டை முழுக்க வெறுமையாகத் தெரிந்தால் கரு இல்லாத முட்டை, எடுத்துவிடலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள்.

21ஆம் நாள்தான் எங்களுக்குப் பொறுமை போகும் நாள். ஓட்டில் சின்ன வெடிப்பு விழுந்து பத்து மணித்தியாலமாகியும் குஞ்சு வெளியே வரவில்லை என்றால் மனது கேட்காது. நான் நகத்தால் ஓட்டை உரித்து உதவினேன். உள்சவ்வில் இரத்தம் கசிந்தது, குஞ்சு பின்னேரம் செத்தது. வெடிப்பிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட எடுக்கலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுபட்டு, சவ்வின் இரத்தக்குழாய்கள் வற்றுகின்றன. அந்த மஞ்சட்கருவே முதல் இரண்டு நாளுக்குச் சாப்பாடு. முதல் குஞ்சு பசியில் கத்துகிறதே என்று தாயைத் தூக்கித் தீன் வைக்கத் தேவையில்லை.

தீனில் ஒரு பிழைதான் பெரியது: முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடுவது. அதில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீனையே தாயும் தின்னட்டும், அது இப்போது முட்டையிடவில்லைதானே. குறுணல் மட்டும் போட்டு வளர்த்தால் குஞ்சு நோஞ்சானாகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும்.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு குஞ்சு குறண்டிக்கொண்டு நின்று எச்சத்தில் இரத்தம் போனால் அது பெரும்பாலும் ஈரக் கூட்டில் பரவும் இரத்தக்கழிச்சல். மஞ்சள் தண்ணீர் கொடுத்து நாளைக் கடத்தாமல் மிருக வைத்தியரிடம் போங்கள். ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தையும் அவரிடமே கேளுங்கள். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் போடலாம், கலந்த பிறகு வைத்திருக்கவும் முடியாது. அதனால் அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் வழி.

கள்ளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பகலில் காகம், இரவில் மரநாயும் பெருச்சாளியும். வாய்க்கால் ஓரத்தில் வீடு என்றால் கபரகொய்யாவும், அதுதான் தண்ணீரோரத்துப் பெரிய உடும்பு, சேரும். அது நாலடி நீளத்தில் மதில் ஓரமாக, தன் வீடு போல ஆறுதலாக நடந்து வரும். முட்டை, குஞ்சு, எதுவும் அதற்குச் சரி. அறுகோணக் கண் வைத்த கோழி வலை இதற்குப் போதாது. குஞ்சு அதற்குள்ளால் வெளியே வரும், எலி அதற்குள்ளால் உள்ளே போகும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்து, ஓர் அடி மண்ணுக்குள்ளும் இறக்குங்கள். முதல் இரண்டு கிழமை தாயையும் குஞ்சுகளையும் கரப்புக் கூடைக்குள் வைத்து, பின்னேரம் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள்.

ஆறு, ஏழு கிழமையில் தாய் குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கும். கோழிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். அது திரும்ப முட்டையிடத் தயாராகிறது. முதல் நாள் இருட்டும் நேரம் அது கொப்பில் ஏறிவிட்டது. ஒன்பது குஞ்சுகளும் கரப்பு வாசலில் நின்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்களே உள்ளே போயின.