இரண்டு இளம் ரோஸ் பெயின்ற்: ஒப்பிடும்போது விடக்கூடாத பிழைகள்

கடை அட்டையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சுவரில் ஏறியதும் ஒன்று அவித்த இறாலின் நிறத்துக்குச் சாயும், மற்றது ஊதாவுக்குப் போகும். வெளிறலில் பெரிய வித்தியாசம் இல்லை; அடியில் கலந்திருக்கும் மஞ்சளிலும் நீலத்திலும்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்தால் அந்தச் சாய்வு உடனே பிடிபடும்.

பலர் விடும் முதல் பிழை, பழைய பச்சை அல்லது மஞ்சள் சுவரிலேயே இரண்டையும் ஒட்டி ஒட்டித் தடவிப் பார்ப்பது. பச்சைக்குப் பக்கத்தில் எந்த ரோசும் கூடுதலாகச் சிவந்து தெரியும். இரண்டு அடிச் சதுர வெள்ளை பிரிஸ்டல் போர்ட் இரண்டு எடுங்கள். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டு, இரண்டு பூச்சு அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். இமல்ஷன் (தண்ணீரில் கரைக்கும் சுவர்ப் பெயின்ற்) ஈரத்தில் வெளிறித் தெரிந்து, காய்ந்ததும் சற்றுக் கடுக்கும். ஒன்று மினுக்கம், மற்றது மினுக்கமில்லாதது என்றால் ஒப்பீடே பிழைத்துவிடும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வடக்கு யன்னல் அறைக்கு நேர் வெயில் வராது, நீலம் தட்டும் குளிர்ந்த வெளிச்சம்தான் என்று எழுதியிருக்கும். அதை நம்பி இறால் சாயலை எடுக்க வேண்டாம். திருகோணமலை ஏறக்குறைய 8.5 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். இங்கே கிழக்கே டச்சுக்குடாப் பக்கம் பார்த்த அறைக்குக் காலை வெயில், மேற்கே உள்துறைமுகப் பக்கம் பார்த்ததற்குப் பின்னேர மஞ்சள் வெயில். ஆகவே போர்ட்டை யன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் கதவுக்குப் பின் மூலையிலும் மாற்றி மாற்றிச் சாத்தி, காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். யன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றால் அதன் பச்சையும் சுவரில் விழும், ரோஸ் மங்கும்.

இரவுதான் பலர் ஏமாறுவது. 6500 கெல்வின் (பல்பு வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை எல்.ஈ.டி.யில் நீலச் சாயல் ரோஸ் சாம்பல் ஊதாவாகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் இறால் சாயல் செம்மஞ்சளாகும். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

நாலு சுவரும் ஒன்றையொன்று சிவக்கவைக்கும் என்பதால், முடிவு வராமல் தடுமாறினால் இரண்டில் சற்று வெளிறியதையே எடுங்கள். ஒரே நிறக்குறி என்றாலும் வெவ்வேறு நாளில் கலந்த ரின்கள் மெல்லிதாக வேறுபடலாம். எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டே பிரஷ்ஷைத் தொடுங்கள்.